சின்னச் சக்கரமும் பஞ்சரும்: மடக்கு சைக்கிளுக்கு எந்த டயர்?

காற்றடைத்த டயர் புழக்கத்துக்கு வந்ததே ஒரு சின்னச் சக்கரத்தின் வழியாகத்தான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளின் குலுக்கலைக் குறைக்க ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1845-இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் இதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும் அப்போது அதைச் சீந்துவார் இல்லை. டன்லப்பின் டயர் ஊரெல்லாம் பரவியது. கூடவே பஞ்சரும் பரவியது.

இன்று அதே சின்னச் சக்கரம் மடக்கு சைக்கிளில் திரும்பி வந்திருக்கிறது. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970-களின் நடுவில் வரைந்த பிராம்ப்டன், தயாரிப்பு எண்ணிக்கையில் 2022-இல் பத்து லட்சத்தை எட்டியது. கலிஃபோர்னியாவில் டேவிட் ஹான் 1982-இல் தொடங்கிய டாஹோன், ஜெர்மனியின் பேர்டி, அமெரிக்காவின் ஆரிகனில் உருவாகும் பைக் ஃப்ரைடே, டாஹோன் குடும்பத்திலிருந்து பிரிந்து 2011-இல் வந்த டெர்ன் என வகைகள் பெருகிவிட்டன. இவற்றில் ஒன்றை வாங்கியவர் சில வாரங்களிலேயே கேட்கத் தொடங்கும் கேள்விகள் மூன்று. சக்கரம் சின்னது என்பதால் பஞ்சர் அதிகம் ஆகுமா? "பஞ்சரே ஆகாது" என்று விற்கப்படும் கனமான டயர்கள் உண்மையில் என்ன செய்கின்றன? வேகத்தையும் பாதுகாப்பையும் எந்த அளவில் கலந்து வாங்குவது? பிராம்ப்டனை நடுவில் வைத்து இந்த மூன்றையும் பார்க்கலாம். இதன் சக்கரம் மிகச் சின்னது, பின்சக்கரத்தைக் கழற்றுவது சிரமம், டயர் வகைகளும் குறைவு. ஆகவே சிக்கல் இங்கேதான் கூர்மையாகத் தெரிகிறது.

முதலில் அளவு

டயர் தேடுபவர் முதலில் தடுக்கி விழும் இடம் அளவு. பெட்டியில் "16 இஞ்ச்" என்று போட்டிருக்கும். ஆனால் 16 இஞ்ச் என்ற பெயரில் ஒன்றோடொன்று சேராத ரிம்கள் இரண்டாவது புழக்கத்தில் உள்ளன. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் ஐரோப்பிய முறைதான் நம்பத்தக்கது. அதன்படி பிராம்ப்டனுடையது 349 மி.மீ. குழந்தைகள் ஓட்டும் 16 இஞ்ச் சைக்கிளுடையது 305. இரண்டுக்கும் 44 மி.மீ. வித்தியாசம். ஒன்றின் டயரை மற்றதில் எந்த வித்தை செய்தும் மாட்ட முடியாது. 18 இஞ்ச் என்றால் பேர்டிக்கு 355. 20 இஞ்ச்சிலும் இதே கதைதான்: டாஹோன், டெர்ன் முதலியவற்றில் பெரும்பாலும் 406, வேகத்துக்காகச் செய்த சில மாடல்களில் 451.

இதைப் பொறுமையாகத் தொகுத்து உலகுக்கு விளக்கியவர் அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் (1944–2008). அவர் சொன்ன எளிய விதி இன்றும் கைகொடுக்கிறது. 1.75 என்று தசமத்தில் எழுதிய டயரும் 1¾ என்று பின்னத்தில் எழுதிய டயரும் கணக்கில் சமம், ரிம்மில் சமமல்ல. கடையில் இஞ்ச்சைக் கேட்காமல், டயரின் பக்கவாட்டில் "35-349", "47-406" என்று அச்சிட்டிருக்கும் இரட்டை எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம்.

இந்திய வாசகருக்கு இதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. 406 அளவு டயரும் டியூபும் சிறுவர் சைக்கிளிலும் பி.எம்.எக்ஸ். சைக்கிளிலும் புழங்குவதால் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்க வாய்ப்புண்டு. 349 அப்படியல்ல, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால்தான் உண்டு. சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

சக்கரம் சிறுத்தால் என்ன மாறுகிறது

35 மி.மீ. அகல டயர் போட்ட பிராம்ப்டன் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.32 மீட்டர். 28 மி.மீ. டயர் போட்ட சாதாரண ரோடு சைக்கிளுக்கு 2.13 மீட்டர். ஒரு கிலோமீட்டர் போனால் சின்னது 760 முறையும் பெரியது 470 முறையும் சுற்றும். தைவானின் கேரிமீ போன்ற 8 இஞ்ச் சக்கர வண்டியில் இது 1,500-ஐ ஒட்டி வரும்.

இந்தக் கணக்கிலிருந்து "அப்படியானால் பஞ்சரும் ஒன்றரை மடங்கு" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. சாலையில் டயர் தடவிச் செல்லும் பட்டையின் அகலம் டயரின் அகலத்தைப் பொறுத்தது. சக்கரத்தின் விட்டத்துக்கு அதில் வேலையில்லை. வழியில் கிடக்கும் ஆணியையோ கண்ணாடிச் சில்லையோ சந்திக்கும் வாய்ப்பு ஒரே அகலமுள்ள பெரிய சக்கரத்துக்கும் சின்னச் சக்கரத்துக்கும் ஒன்றுதான்.

சந்தித்த பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். நகரச் சாலையில் பெரும்பாலான கண்ணாடித் துணுக்குகள் ஏறிய உடனே டியூபைத் தொடுவதில்லை. ரப்பரில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அடிபட்டு, சிறிது சிறிதாக உள்ளே இறங்குகின்றன. சின்னச் சக்கரத்தில் இந்தச் சம்மட்டி அடி கிலோமீட்டருக்கு 290 முறை கூடுதலாக விழுகிறது. டயரின் மேற்பரப்பும் அதே விகிதத்தில் வேகமாகத் தேய்கிறது. தேய்ந்து மெலிந்த டயருக்குள் துணுக்கு போக வேண்டிய தூரமும் குறைவு. ஆக, புது டயரில் சின்னச் சக்கரத்துக்குப் பெரிய பாதகம் இல்லை. பழைய டயரில் உண்டு. "இது ரொம்ப பஞ்சர் ஆகும் வண்டி" என்று ஒருவர் சலித்துக்கொண்டால், பெரும்பாலும் அவர் டயரின் வயதைச் சொல்கிறார்.

இரண்டாவது மாற்றம் நசுங்கலில். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 87 கிலோ. அதில் 52 கிலோ பின்சக்கரத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ அழுத்தம் இருந்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர் சொச்சம். தீப்பெட்டியின் மேல்முகத்தில் பாதிகூட இல்லாத இந்த இடம்தான் முழுச் சுமையையும் தாங்குகிறது. பெரிய சக்கரத்திலும் பரப்பு இதுவே; ஆனால் அங்கே அது நீளவாக்கில் பரந்திருக்கும். சின்னச் சக்கரம் அதே பரப்பைப் பெற இன்னும் ஆழமாக நசுங்கியாக வேண்டும். ஒரே அகலம், ஒரே அழுத்தம் என்று கணக்குப் போட்டால், 349 சக்கரத்தின் டயர் பெரிய சக்கரத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகம் அமுங்குகிறது. சின்னச் சக்கர டயர்களில் காற்றை இறுக்கமாக அடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

மூன்றாவது, பள்ளம். 10 சென்டிமீட்டர் அகல வெட்டு ஒன்றைக் கடக்கும்போது பெரிய சக்கரம் 4 மி.மீ.க்கும் குறைவாக இறங்கும்; பிராம்ப்டன் சக்கரம் 6 மி.மீ. இறங்கும். விளிம்பில் ஏறும் கோணமும் செங்குத்தாகிறது. காற்றுக் குறைந்த டயரில் இந்த அடி நேராக ரிம்மில் போய் முட்டும். இடையில் மாட்டும் டியூப் கிழியும்.

ஓட்டையே சாட்சி

பஞ்சரை ஒரே நோயாக எண்ணி ஒரே மருந்து தேடுவது வீண். டியூபைக் கழற்றி ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் காரணம் தானே தெரியும்.

வெளிப்பக்கம், தரையை நோக்கிய இடத்தில் ஒற்றைப் பொத்தல் என்றால் முள், ஆணி, கண்ணாடி. பக்கவாட்டில் அடுத்தடுத்து இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக இருந்த டயர் பள்ளத்தில் அடிபட்டு டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது. உள்பக்கம், ரிம்மை நோக்கிய இடத்தில் ஓட்டை என்றால் குற்றவாளி சாலையில் இல்லை: ரிம் டேப் நகர்ந்து ஸ்போக்ஸ் கம்பியின் தலையோ துளையின் விளிம்போ டியூபைக் குடைந்திருக்கிறது. சின்ன ரிம்மில் ஸ்போக்ஸ் துளைகள் நெருக்கமாக இருப்பதாலும் காற்று இறுக்கமாக இருப்பதாலும் இந்த வகையை லேசாக எண்ணக்கூடாது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பை மாட்டும்போது ஆட்டியதோ, டியூப் வளைந்து உட்கார்ந்ததோ காரணம்.

இந்த நான்கில் டயரை மாற்றினால் தீரக்கூடியது முதல் வகை மட்டும். இரண்டாவதைக் காற்றும் மூன்றாவதை ரிம் டேப்பும் நான்காவதைக் கைப்பக்குவமும்தான் தீர்க்கும். விலையுயர்ந்த டயர் போட்ட பிறகும் பஞ்சர் தொடர்ந்தால் பெரும்பாலும் மற்ற மூன்றில் ஒன்று கவனிக்கப்படாமல் இருக்கிறது.

புதிய டயரைப் பூட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடத்தை வால்வுக்கு நேராக வைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அழகுக்காக அல்ல. டியூபில் ஓட்டை தெரிந்ததும் டயரில் அதற்கு நேரான இடம் எதுவென்று உடனே பிடித்துவிடலாம். அங்கே இன்னும் குத்திக்கொண்டிருக்கும் துணுக்கைத் தேடி எடுக்கலாம். அதை எடுக்காமல் புது டியூப் போடுபவருக்கு அடுத்த தெருவிலேயே அடுத்த பஞ்சர்.

கவசத்தில் இரண்டு கொள்கைகள்

பஞ்சர் தடுக்கும் டயர்களின் உள்ளே இருப்பது இரண்டே உத்திகள். ஒன்று, கூர்மையானதை வெட்டவிடாமல் தடுக்கும் உறுதியான நெசவு. அராமிட் இழை இதில் பேர்பெற்றது. டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி க்வாலெக் 1965-இல் கண்டறிந்த கெவ்லர் அந்தக் குடும்பம்தான். மெல்லியது, எடை குறைவு, கண்ணாடியின் வெட்டும் விளிம்பை நன்றாகத் தாங்கும். ஆனால் ஊசி போன்ற முள் இழைகளை அறுக்க வேண்டியதில்லை. இரண்டு இழைகளுக்கு நடுவே விலக்கிக்கொண்டு நுழைந்துவிடும்.

இரண்டாவது உத்தி, தூரத்தைக் கூட்டுவது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே தடித்த ரப்பர் பட்டை ஒன்றை வைத்துவிட்டால் குத்தும் பொருள் உள்ளே வந்தாலும் டியூபை எட்டாது. ஜெர்மனியின் ஷ்வால்பே தயாரிக்கும் மாரத்தான் பிளஸ் இதற்கு நல்ல உதாரணம். அதன் பட்டை 5 மி.மீ. தடிமன். அதே நிறுவனத்தின் சாதாரண மாரத்தானில் 3 மி.மீ. பட்டை. வழுவழுப்பான கோஜாக்கில் மெல்லிய நெசவு மட்டும். எடையிலும் வித்தியாசம் வெளிப்படை: 349 அளவில் மாரத்தான் பிளஸ் கோஜாக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

எந்த உத்தி நல்லது என்பது உங்கள் சாலையில் கிடப்பதைப் பொறுத்தது. லண்டனில் அது பெரும்பாலும் உடைந்த பாட்டில். தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுப் பகுதிகளில் மழைக்குப் பின் சாலைக்கு அடித்து வரப்படும் சிக்கிமுக்கிக் கல்லின் சில்லுகள். இலையுதிர்காலத்தில் வேலி வெட்டும் இயந்திரங்கள் சிதறவிடும் முட்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்களின் பரம எதிரி, நம் ஊரில் காலில் குத்தும் அதே நெருஞ்சி. அது அங்கே வந்தேறிய களை. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் அதைப் பிடுங்கும் இயக்கத்தோடு சேர்த்துச் சைக்கிள் திருவிழாவே நடத்தப்பட்டிருக்கிறது. நெருஞ்சி முள்ளின் நீளம் சில மில்லிமீட்டர்தான், 5 மி.மீ. பட்டையும் அதன் மேலுள்ள ரப்பரும் சேர்ந்து அதை நிறுத்திவிடும். தமிழ்நாட்டுச் சாலையோரத்துச் சீமைக் கருவேல முள்ளோ சென்டிமீட்டர் கணக்கு. நிமிர்ந்து நிற்கும் அந்த முள்ளின் மேல் நேராக ஏறினால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது. சாய்ந்து கிடப்பதை மிதித்தால் தடித்த டயர் பிழைக்க வாய்ப்புண்டு.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈரம் துணுக்குகளை டயரோடு ஒட்டவைக்கிறது. ரப்பரை வெட்டும் கண்ணாடிக்கு எண்ணெய் போட்டதுபோல் வழுக்கலும் தருகிறது. மழைக்காலத்தில் பஞ்சர் கூடுவது பிரமையல்ல.

வேகத்துக்கு என்ன விலை

தடித்த டயருக்கான விலையை மிதிப்பவரின் கால் கொடுக்கிறது. உருளும் டயர் ஒவ்வொரு கணமும் நசுங்கி நிமிர்கிறது. நிமிரும்போது ரப்பர் தான் வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ரப்பர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு இழப்பு. சின்னச் சக்கரம் அதிகம் நசுங்குவதால் இந்த இழப்பும் கூடுகிறது. மாரத்தான் பிளஸை மாட்டியவர்கள் "வண்டி இழுக்கிறது" என்பதும் கோஜாக்குக்கு மாறியவர்கள் "வண்டி பறக்கிறது" என்பதும் மனப்பிரமை இல்லை.

இதை வரலாறும் ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. மினி காரின் ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்த அலெக்ஸ் மௌல்டன் 1962-இல் ஒரு சின்னச் சக்கர சைக்கிளைக் கொண்டுவந்தார். 349 ரிம், குறுகலான டயர், இறுக்கமான காற்று, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். சின்னச் சக்கரம் வேகமாகவும் போகும் என்று நிரூபித்தது அது. போட்டிக்கு ராலே நிறுவனம் 1965-இல் ஆர்.எஸ்.டபிள்யூ. 16-ஐ இறக்கியது. அதில் சஸ்பென்ஷன் இல்லை. பதிலாக 2 இஞ்ச் அகல பலூன் டயரும் குறைந்த காற்றும். சொகுசு கிடைத்தது, ஓட்டம் மந்தமானது. இரண்டே ஆண்டில் ராலே மௌல்டனின் சைக்கிள் தொழிலையே விலைக்கு வாங்கியது.

அதனால் "குறுகலும் இறுக்கமும்தான் வேகம்" என்ற பாடம் பல பத்தாண்டு நிலைத்தது. பிற்கால அளவீடுகள் அதைத் திருத்தியுள்ளன. அமெரிக்காவின் பைசைக்கிள் குவார்ட்டர்லி இதழில் யான் ஹைனே குழுவினர் செய்த சோதனைகள், கரடுமுரடான சாலையில் மிதமிஞ்சிய காற்று வேகத்தைக் கூட்டுவதில்லை, ஓட்டுபவரின் உடல் அதிர்ந்தே சக்தி வீணாகிறது என்று காட்டின. ராலேயின் பலூன் டயர் மந்தமாக இருந்ததற்கு அகலத்தைவிட அதன் கனத்த, விறைப்பான உறையே காரணம் என்று இப்போது பார்த்தால் படுகிறது. நெகிழ்வான உறையுள்ள அகல டயர்கள் இன்று 406 அளவில் நன்றாகவே உருள்கின்றன. 2024-இல் பிராம்ப்டனே தன் ஜி லைன் மாடலில் 349-ஐ விட்டு 20 இஞ்ச் சக்கரத்துக்கும் 54 மி.மீ. அகல டயருக்கும் போனது இந்த மாற்றத்தின் அடையாளம்.

அகலம் கூடினால் காற்றைக் குறைக்கலாம். காற்றுக் குறைந்த டயர் சில்லின் மேல் ஏறும்போது விறைத்து நிற்காமல் அதைச் சுற்றி வளைந்து கொடுக்கும். ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இடைவெளியும் கூடும். உங்கள் சைக்கிளில் இடமிருந்தால் பஞ்சருக்கும் சொகுசுக்கும் சேர்த்து நல்ல வழி அகலத்தைக் கூட்டுவதுதான். சாதாரண பிராம்ப்டனில் அந்த இடமில்லை. மட்கார்டும் பிரேக்கும் மடிப்பும் 35 மி.மீ. பக்கத்திலேயே கட்டிப்போட்டுவிடுகின்றன. அங்கே பேரம் கவசத்துக்கும் வேகத்துக்கும் நடுவில் மட்டும்தான்.

குறுக்கு வழிகள்

டயரை மாற்றாமல் பஞ்சரைத் தடுக்கச் சொல்லப்படும் வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சின்னப் பொத்தல்களைத் தானே மூடும். ஆனால் காற்று இறுக்கமாக இருந்தால் மூடுவதற்குள் திரவம் பீறிட்டு வெளியே வந்துவிடும். 50 பி.எஸ்.ஐ. டயரில் நன்றாக வேலை செய்வது 100-இல் தடுமாறுகிறது. வால்வை அடைத்துக்கொள்ளும், பிறகு பேட்ச் ஒட்டுவதையும் சிரமமாக்கும்.

டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் பட்டை முள்ளைத் தடுக்கும். ஆனால் பட்டையின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் டியூபை நாளடைவில் அறுக்கும். சுற்று அதிகமுள்ள சின்னச் சக்கரத்தில் இந்த உரசலும் அதிகம். பயன்படுத்தினால் முனைகளை வட்டமாகச் செதுக்கி வழவழப்பாக்குவது அவசியம்.

காற்றே இல்லாத திட டயர்கள் பஞ்சரை அடியோடு ஒழிக்கின்றன. 2016-இல் ஷாங்காயில் தொடங்கிய மோபைக் வாடகை சைக்கிள்கள் இதைத்தான் நம்பின. ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தெருவில் விட்டுப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு அது நியாயமான கணக்கு. சொந்த வண்டிக்கு அப்படியில்லை. காற்று, வாங்கிய சக்தியை ஏறத்தாழ முழுதாகத் திருப்பித் தரும் வில்; திட ரப்பரோ நுரையோ அதைச் செய்யாது. சின்னச் சக்கரத்தில் ஒவ்வொரு பள்ளமும் ஸ்போக்ஸ் கம்பியிலும் மடிப்புக் கீலிலும் முதுகிலும் தெரியும்.

டி.பி.யூ. என்னும் பிளாஸ்டிக் டியூப்கள் சட்டைப்பையில் அடங்கும். மாற்று டியூபாக எடுத்துச்செல்ல ஏற்றவை. ரிம் பிரேக் உள்ள வண்டியில் போட்டு ஓட்டுவதானால் பிரேக் பிடிக்கும்போது ரிம்மில் ஏறும் சூட்டைத் தாங்கும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். சின்ன ரிம்மில் உலோகம் குறைவு. நீண்ட இறக்கத்தில் அது சீக்கிரம் சூடேறும்.

காற்று, கண், கை

பஞ்சரைத் தடுப்பதில் செலவில்லாத பங்குதான் பெரிய பங்கு.

முதலில் காற்று. 349 டயருக்குள் அடங்கும் காற்று ஏறத்தாழ ஒரு லிட்டர் சொச்சம். அதே அகலமுள்ள பெரிய சக்கரத்தில் இரண்டு லிட்டர். ஒரே அளவு கசிவு சின்னதை ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் காலி செய்யும். அழுத்தமானி மாட்டும்போது "புஸ்" என்று போகும் காற்றுகூட இங்கே கணக்கில் தெரியும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 60-ஐயும் 90-ஐயும் பிரித்தறிய முடியாது. இரண்டும் கல்போல்தான் தோன்றும். ஆகவே மானி வைத்த, காலால் மிதித்துப் பிடிக்கும் நிலைப் பம்பு ஒன்று வீட்டில் கட்டாயம். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். டயரின் பக்கவாட்டில் மேல்வரம்பு அச்சிட்டிருக்கும். அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பின்சக்கரத்தில் வரம்பை நெருங்கியும், சுமை குறைந்த முன்சக்கரத்தில் சற்றுக் குறைத்தும் வைப்பது எடை பங்கிடப்படும் விதத்துக்கு ஒத்தது.

அடுத்தது கண். துணுக்குகள் மெல்ல இறங்குகின்றன என்றால் அவை இறங்கி முடிப்பதற்குள் எடுத்துவிட அவகாசம் இருக்கிறது. காற்றுப் பார்க்கும் அதே நாளில் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டுகளில் பளபளப்பதைச் சின்ன ஸ்க்ரூடிரைவரின் நுனியால் கிளறி எடுத்துவிடலாம். சின்னச் சக்கரத்தின் சாதகம் இங்கே இருக்கிறது: பார்த்து முடிக்க வேண்டிய நீளம் குறைவு. சாலையிலும் கண் வேண்டும். வாகனங்களின் சக்கரங்கள் குப்பையையும் கண்ணாடியையும் ஓரத்துக்குத் தள்ளுகின்றன. சாலையின் விளிம்பை ஒட்டியே ஓட்டுபவர் அந்தக் குவியலின் மேலேயே ஓட்டுகிறார். ஒரு முழம் உள்ளே தள்ளி ஓட்டுவது டயருக்கும் நல்லது, ஓட்டுபவரின் உயிருக்கும் நல்லது.

பிறகு கை. தடித்த டயரைச் சின்ன ரிம்மில் ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, இரு கைகளாலும் டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்து, வால்வில் முடிக்க வேண்டும். பள்ளத்தில் விளிம்பு இறங்கினால்தான் கடைசி இடத்துக்குத் தளர்வு கிடைக்கும். பொறுமையிழந்து லீவரால் நெம்பினால் புது டியூபே ஓட்டையாகும்.

பிராம்ப்டன் பின்சக்கரத்தைக் கழற்ற கியர் கம்பியைப் பிரித்து, செயின் இழுப்பானை எடுத்து, 15 மி.மீ. நட்டுகளைத் தளர்த்த வேண்டும். மழையில் தெருவோரம் செய்ய யாரும் விரும்பாத வேலை. ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி, டியூபின் அந்தப் பகுதியை வெளியே இழுத்து, உரசி, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டி, உள்ளே தள்ளிவிடலாம். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழ் பார்த்து நாள்தோறும் செய்கிற வேலை இதுதான். மடக்கு சைக்கிளைக் கண்டு அவர் மிரள வேண்டியதில்லை.

எதை வாங்குவது

கடைசிக் கேள்விக்கு வருவோம். டயர் தேர்வைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாகத் தங்கள் கடைசி பஞ்சரை நினைத்துத்தான் பேசுகிறார்கள். நேற்று பஞ்சர் ஆனவர் மாரத்தான் பிளஸ் என்பார். ஆறு மாதமாக ஆகாதவர் கோஜாக் என்பார். கேட்க வேண்டியது வேறு: ஒரு பஞ்சர் உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கும்?

இங்கே மடக்கு சைக்கிளுக்கு வேறெந்த சைக்கிளுக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. காற்று போனால் மடக்கி எடுத்துக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறிவிடலாம். லண்டனில் முழு சைக்கிளை ஏற்ற முடியாத நெரிசல் நேர ரயிலிலும் மடித்த பிராம்ப்டன் போகும். சிங்கப்பூரில் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் மடங்கும் சைக்கிளை எம்.ஆர்.டி.யிலும் பஸ்ஸிலும் நாள் முழுக்கக் கொண்டுபோகலாம். பொதுப் போக்குவரத்து நன்றாக உள்ள நகரத்தில் பஞ்சர் என்பது இருபது நிமிடத் தாமதம். அதற்குப் பயந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கனத்த டயரை இழுப்பது கட்டுப்படியாகாத காப்பீடு. ஆளரவமற்ற கிராமச் சாலையிலும் முள்காட்டு ஓரத்திலும் இரவுப் பயணத்திலும் கணக்குத் தலைகீழ்.

முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே டயரைப் போட வேண்டும் என்றும் சட்டமில்லை. பின்சக்கரத்தில் சுமை அதிகம், தேய்மானம் அதிகம், முன்சக்கரம் நிமிர்த்திவிட்ட ஆணியும் அங்கேதான் ஏறும், கழற்றுவதும் சிரமம். கவசம் தேவைப்படும் இடம் அது. முன்சக்கரத்தில் பஞ்சர் குறைவு, கழற்றுவது எளிது. லேசான டயர் அங்கே போதும். முன்டயர் திடீரென்று காற்றிழந்தால் ஆபத்து என்ற எதிர்வாதம் உண்டு, உண்மைதான். ஆனால் முள்ளும் கண்ணாடியும் பெரும்பாலும் மெல்லத்தான் காற்றை இறக்கும். திடீர் வெடிப்புக்குக் காரணம் பக்கவாட்டு விரிசலும் பழைய உறையும். தடுப்புப் பட்டை பக்கவாட்டைக் காப்பதில்லை. முன்டயருக்கு வேண்டியது கனமல்ல, இளமை.

சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். 406 சக்கரம் வைத்திருப்பவர் வண்டி இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான, நெகிழ்வான, நடுத்தரக் கவசமுள்ள டயரை வாங்கட்டும். 349 வைத்திருக்கும் நகரவாசி பின்னால் 3 மி.மீ. பட்டையுள்ள வகையும் முன்னால் அதைவிட லேசானதும் போடட்டும். முள்ளும் தனிமையும் உள்ள வழியில் போகிறவர் பின்னால் 5 மி.மீ. வகைக்குப் போகட்டும், மந்தமானாலும் அவருக்கு அதுவே லாபம். யாராக இருந்தாலும் பின்டயரில் பட்டையின் நிறம் தெரியும்வரை ஓட்டாமல் அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். டயருக்குச் செலவழிக்கும் முன் மானியுள்ள பம்பு ஒன்றை வாங்குங்கள். அது தடுக்கும் பஞ்சரை எந்த டயராலும் தடுக்க முடியாது.